முட்டி லீவர் கம்மியா இருக்கற பெடல் ஸ்டீல்ல எப்படி சமாளிக்கறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெடல் ஸ்டீல்னா படுக்க வச்சு, ஸ்ட்ரிங் மேல இரும்பு பாரை வழுக்கி வாசிக்கற கிட்டார்; காலால மிதிக்கற பெடலும் முட்டியால தள்ளற லீவரும் ஸ்ட்ரிங்கோட சுருதியை ஏத்தி இறக்கும். முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன், இங்க பேசறது எல்லாமே பத்து ஸ்ட்ரிங் ஈ9 டியூனிங், எம்மன்ஸ் வரிசையில, அதாவது இடமிருந்து வலமா ஏ, பி, சின்னு மூணு பெடல் இருக்கற கிட்டாரை வச்சுத்தான். ஸ்ட்ரிங் 1 உங்களுக்கு ரொம்ப தள்ளி இருக்கறது, 10 உங்க வயித்துப் பக்கம். 1ல இருந்து வரிசையா எஃப் ஷார்ப், டி ஷார்ப், ஜி ஷார்ப், ஈ, பி, ஜி ஷார்ப், எஃப் ஷார்ப், ஈ, டி, பி. ஏ பெடல் 5, 10 ரெண்டையும் பி-ல இருந்து சி ஷார்ப்புக்கு ஏத்தும், பி பெடல் 3, 6 ரெண்டையும் ஜி ஷார்ப்ல இருந்து ஏ-க்கு ஏத்தும், சி பெடல் 4ஐ எஃப் ஷார்ப்புக்கும் 5ஐ சி ஷார்ப்புக்கும் ஏத்தும். பெடல், லீவர் எதை எதுவா மாத்துதுன்னு சொல்றப்ப வர்ற நோட் பேர் எல்லாம் பார் வைக்காத ஸ்ட்ரிங்கோடது, கார்ட் சொல்றப்ப வர்றது அந்த ஃப்ரெட்ல நிஜமா கேக்கற நோட். உதாரணம் எல்லாம் ஜி ஸ்கேல்ல, 3வது ஃப்ரெட்டை வீடா வச்சு சொல்றேன், மத்த ஸ்கேலுக்கு அப்படியே நகர்த்திக்கோங்க.

எங்கிட்ட இருக்கறதுல ஒரே ஒரு லீவர்தான். இதை வச்சு உருப்படியா ஏதாவது வாசிக்க முடியுமா, இல்ல வித்துட்டு வேற வாங்கணுமா?

விக்காதீங்க. 3வது ஃப்ரெட்ல பெடல் தொடாம 4, 5, 6 அடிச்சா ஜி, அங்கேயே ஏ-யும் பி-யும் சேர்த்து மிதிச்சா சி, ரெண்டு ஃப்ரெட் மேல போய் அதே ரெண்டு பெடலோட டி. ஏ மட்டும் மிதிச்சா ஈ மைனர், பி-யும் சி-யும் மிதிச்சா ஏ மைனர். ஒரு லீவர் கூட தொடல, பாதி பாட்டு முடிஞ்சுது.

அப்ப லீவர் எதுக்குத்தான் இருக்கு?

ஒவ்வொரு லீவரும் ஏதோ ஒரு நோட்டை இருந்த இடத்துலயே கொண்டு வருது, அவ்வளவுதான். அதனால லீவர் இல்லன்னு புலம்பறதுக்கு முன்னாடி, அந்த லீவர் எந்த நோட்டைத் தருது, அந்த நோட் அதே ஃப்ரெட்ல வேற ஸ்ட்ரிங்ல ஏற்கனவே இருக்கான்னு பாருங்க. பல தடவை இருக்கும். 1, 2, 7, 9 ஸ்ட்ரிங்கை நிறைய பேர் தொடறதே இல்ல, ஆரம்பத்துல எல்லாரும் 3-4-5, 4-5-6, 5-6-8னு அதே கிரிப்லயே, அதாவது சேர்த்து அடிக்கற அதே மூணு மூணு ஸ்ட்ரிங்லயே சுத்திட்டு இருப்பாங்க, ஆனா லீவர் இல்லாதவனுக்கு சொத்தே அந்த நாலு ஸ்ட்ரிங்தான்.

நிஜமாவே மாத்து இல்லாதது ரெண்டு: ஈ-யை எஃப்புக்கு ஏத்தற லீவர், பி-யை பி ஃப்ளாட்டுக்கு இறக்கற லீவர். இது ரெண்டுக்கும் வேற வழியில போகணும், கீழ வரேன்.

ஈ-யை டி ஷார்ப்புக்கு இறக்கற லீவர் இல்ல. அது இல்லாம அஞ்சாவது கார்ட் அதே ஃப்ரெட்ல வராதே?

வரும். ஸ்ட்ரிங் 2 பிறவியிலயே டி ஷார்ப்தான்! 3வது ஃப்ரெட்ல 1, 2, 5 மூணையும் சேர்த்து அடிங்க: ஏ, எஃப் ஷார்ப், டி. முழு டி மேஜர், பெடல் இல்ல, லீவர் இல்ல, பாரை நகர்த்தக்கூட வேணாம். கட்டைவிரல் 5ல, ஆள்காட்டி 2ல, நடுவிரல் 1ல. முதல்ல கை கொஞ்சம் விரியும், ரெண்டு மூணு நாள்ல பழகிடும்.

அங்கேயே 2, 3, 5 அடிச்சா பி மைனர். இதுவும் அந்த லீவர் இருந்தாத்தான் வரும்னு நிறைய பேர் நினைக்கற கார்ட்தான்.

இதைவிட எனக்குப் பிடிச்சது டி7. 3வது ஃப்ரெட்லயே இருங்க, பி பெடலை மட்டும் மிதிங்க, 6 இப்ப சி ஆயிடும். 7ல ஏ, 6ல சி, 5ல டி, 2ல எஃப் ஷார்ப், நாலும் சேர்ந்தா டி7 முழுசா இருக்கு. நாலு நோட் எடுக்க விரல் பத்தலன்னா 6, 5, 2 போதும். அதுல இருந்து ஜி-க்கு திரும்பறப்ப பெடலை விட்டுட்டு 4, 5, 6 அடிங்க, சி இறங்கி பி ஆகும், எஃப் ஷார்ப் ஏறி ஜி ஆகும், நடுவுல டி அப்படியே நிக்கும். ஒரு கார்ட் இன்னொண்ணுக்குள்ள போய் உக்கார்ற அந்த சத்தத்துக்குத்தான நாமெல்லாம் பெடல் ஸ்டீலே வாசிக்கறோம்.

இழக்கறது என்னன்னா ரெண்டு விஷயம். ஒண்ணு, நோட் அடிச்சப்புறம் ஈ மெதுவா டி ஷார்ப்புக்கு வழுக்கி இறங்கற அந்த அசைவு. இன்னொண்ணு, ஸ்ட்ரிங் 8ல வர்ற கீழ் ஆக்டேவ் டி ஷார்ப், அதுக்கு பக்கத்துல இருக்கறது ஸ்ட்ரிங் 9 டி, அரை ஸ்டெப் தள்ளி. அதனால கீழ் பக்கம் வாசிக்கறப்ப ரெண்டு ஃப்ரெட் மேல போய் ஏ, பி பெடலோட அதே கார்டை எடுத்துக்கோங்க.

ஈ-யை எஃப்புக்கு ஏத்தற லீவர் இல்லன்னா?

இதுதான் வலிக்கற இடம், மழுப்ப விரும்பல. அந்த லீவரும் ஏ பெடலும் சேர்ந்தா வீட்டு ஃப்ரெட்ல இருந்து மூணு ஃப்ரெட் மேல அதே மேஜர் கார்ட் வரும். அதாவது ஜி-க்கு 3ல ஒண்ணு, 6ல ஒண்ணு, 10ல ஏ, பி பெடலோட ஒண்ணு. நடுவுல இருக்கற 6 போயிட்டா 3க்கும் 10க்கும் இடையில ஏழு ஃப்ரெட் பாலைவனம்.

வழி நாலு இருக்கு. சுலபமானது, 6வது ஃப்ரெட்ல ஏ பெடலோட 5, 6 மட்டும் அடிக்கறது: ஜி, டி. மூணாவது நோட் பி இல்ல, ஆனா கூட கிட்டாரோ பியானோவோ இருந்தா அவங்க அதை நிரப்பிடுவாங்க, கேக்கறவங்களுக்கு குறை தெரியாது. 4, 8 மேல மட்டும் கை வைக்காதீங்க, வச்சா அது ஈ மைனராத்தான் கேக்கும்... இல்ல இல்ல, 6வது ஃப்ரெட்ல அது ஜி மைனர், இன்னும் மோசம்.

ரெண்டாவது, சி பெடலை பாதி மிதிக்கறது. முழுசா மிதிச்சா 4 எஃப் ஷார்ப் ஆகும், பாதியில நிறுத்தினா எஃப். அப்ப 6வது ஃப்ரெட்ல ஸ்ட்ரிங் 4 பி, ஸ்ட்ரிங் 6 டி, ஜி கார்டோட ரெண்டு நோட் கிடைச்சிடுச்சு. இப்ப 5ஐ அடிக்கக் கூடாது, சி பெடல் அதையும் பாதி ஏத்தி வச்சிருக்கும், கர்ணகொடூரமா இருக்கும்.

மூணாவது பாரை சாய்க்கறது, நாலாவது பாருக்குப் பின்னால விரலால ஸ்ட்ரிங்கை இழுக்கறது. ரெண்டுக்கும் தனித்தனியா பதில் இருக்கு.

பாரை சாய்ச்சா சரியா வருமா? நான் பண்ணினா சுருதி சேரவே மாட்டேங்குது.

எல்லா இடத்துலயும் வராது, அது உங்க கை கோளாறு இல்ல, கணக்கே அப்படி. ரெண்டு ஸ்ட்ரிங்குக்கு நடுவுல இடைவெளி சுமாரா 9 மில்லிமீட்டர். 24 இன்ச் ஸ்கேல் கிட்டார்ல 6க்கும் 7க்கும் நடுவுல கிட்டத்தட்ட 24 மில்லிமீட்டர். 5ஐ 6வது ஃப்ரெட்லயும் 4ஐ 7வது ஃப்ரெட்லயும் வைக்கணும்னா, 9 மில்லிமீட்டர் அகலத்துக்குள்ள 24 மில்லிமீட்டர் சாயணும். அது சாய்வு இல்ல, கிட்டத்தட்ட பாரை ஸ்ட்ரிங் மேலயே படுக்க வைக்கறது. அதே ஜி கார்டை 18வது ஃப்ரெட்ல எடுத்தா ஃப்ரெட் இடைவெளி 12 மில்லிமீட்டர்தான், அங்க முடியும்.

6வது ஃப்ரெட்லயே வேணும்னா ஸ்ட்ரிங்கை அகலமா எடுங்க. ஏ பெடலோட 5 6வது ஃப்ரெட்ல, 8 7வது ஃப்ரெட்ல, அதாவது பாரோட மூக்கு (உங்களுக்கு தள்ளி இருக்கற முனை) நட் பக்கம், பின்பக்கம் பிரிட்ஜ் பக்கம். மூணு இடைவெளி, 27 மில்லிமீட்டர்ல 24 சாயணும், கஷ்டம்தான் ஆனா கைக்கு அடங்கும். நடுவுல 6, 7 ரெண்டையும் அடிக்காதீங்க. பெடல் ஸ்டீல் பார் நீளமா, கனமா, உருண்டையா இருக்கறதால இந்த பின் சாய்வுல வழுக்கும், கட்டைவிரலால பின்பக்கத்தை தள்ளி, ஆள்காட்டி விரலால மூக்கை பிடிச்சு வைக்கணும். சாய்ச்சு வாசிக்கறப்ப ரெண்டே ரெண்டு நோட்டோட நிறுத்திக்கோங்க, வைப்ரேட்டோவும் ரொம்ப சின்னதா. மூணு நோட் சாய்வு, பெடல் இல்லாம மடியில வச்சு வாசிக்கற லேப் ஸ்டீல்காரங்க வேலை, அவங்க பார் வேற, டியூனிங் வேற.

பாதி பெடல்னு சொல்றீங்களே, அது எங்க நிக்கணும்னு காலுக்கு எப்படி தெரியும்?

காதுதான் காலுக்கு சொல்லிக் கொடுக்கணும். 3வது ஃப்ரெட்ல இருந்து 4வது ஃப்ரெட்டுக்கு பாரை நகர்த்தி ஸ்ட்ரிங் 5ஐ அடிங்க, பெடல் இல்லாம. அந்த நோட்டை மனசுல வச்சுக்கிட்டு 3க்கு திரும்பி, ஏ பெடலை அதே நோட் வர்ற வரைக்கும் மட்டும் மிதிங்க. ரெண்டும் ஒண்ணா கேட்டா அதுதான் பாதி. தினமும் கொஞ்ச நேரம் இதை மட்டும் செஞ்சா கணுக்கால் தானா நிக்க ஆரம்பிச்சுடும். ட்யூனரை பாத்து பண்றதை நான் ஆதரிக்க மாட்டேன், கண்ணுக்குப் பழகிட்டு மேடையில முழிப்பீங்க.

இது வந்துட்டா ரெண்டு கார்ட் இலவசம். ஏ பாதி மட்டும் மிதிச்சு 4, 5, 6 அடிச்சா ஜி ஆக்மென்டட். பி முழுசா, ஏ பாதி மிதிச்சா சி மைனர். பி ஃப்ளாட் லீவர் இருக்கறவங்க ஏ பெடலோட அதை சேர்த்து எடுக்கற மைனர் இதுதான், அதனால அந்த லீவர் இல்லாத குறை பெருசா இங்கதான் தீருது. காலை நம்ப முடியலன்னா சி மைனருக்கு 6வது ஃப்ரெட் போய் பி, சி பெடல் மிதிங்க, இல்ல 11ல ஏ மட்டும்.

டிமினிஷ்ட் கார்ட் லீவர் இல்லாம வருமா?

9, 6, 5. அப்படியே அடிங்க. 3வது ஃப்ரெட்ல எஃப், பி, டி, அதாவது பி டிமினிஷ்ட். ஜி7ல இருந்து ஜி-யை எடுத்துட்டா மிச்சம் இதேதான், அதனால ஜி-ல இருந்து சி-க்கு போறப்ப நடுவுல இதை அடிச்சு, அப்படியே ஏ, பி மிதிச்சு கட்டைவிரலை 9ல இருந்து 8க்கு மாத்துங்க, ரொம்ப அழகா போய் சேரும்.

ஸ்ட்ரிங் 2ஐ இறக்கறது, 1ஐ ஏத்தறது, 6ஐ இறக்கறது, இந்த லீவர் எல்லாம் இல்லாம அந்த லிக் (சின்னச் சின்ன மெலடி துணுக்கு) எல்லாம் எப்படி?

எல்லாத்துக்கும் இரட்டை இருக்கு, அதே ஆக்டேவ்ல. பார் வைக்காத நோட் பேர்லயே சொல்றேன். 2ஐ டி ஷார்ப்ல இருந்து சி ஷார்ப்புக்கு இறக்கினா வர்ற நோட், ஏ பெடலோட ஸ்ட்ரிங் 5ல இருக்கு. 9ஐ டி-ல இருந்து சி ஷார்ப்புக்கு இறக்கினா வர்றது ஏ பெடலோட ஸ்ட்ரிங் 10ல. 1ஐ எஃப் ஷார்ப்ல இருந்து ஜி ஷார்ப்புக்கு ஏத்தினா அது சும்மா ஸ்ட்ரிங் 3. 6ஐ எஃப் ஷார்ப்புக்கு இறக்கினா அது ஸ்ட்ரிங் 7.

ஆனா ஒரு ஸ்ட்ரிங்கை விட்டு இன்னொண்ணை அடிக்கறப்ப வழுக்கல் இருக்காது, ரெண்டு தனி நோட்டாத்தான் கேக்கும், முதல் நோட்டை உள்ளங்கையால அடைக்காம விட்டா ரெண்டும் முட்டிக்கும். வேகமான லிக்ல யாருக்கும் தெரியாது. மெதுவான பாட்டுல தெரியும், அங்க ஒத்த ஸ்ட்ரிங்ல பாரையே வழுக்கிடுங்க.

பாருக்குப் பின்னால இழுக்கறதுன்னா என்ன?

பாருக்கு இடது பக்கம், நட் பக்கமா, மோதிர விரல் நகத்து ஓரத்தால ஒரு ஸ்ட்ரிங்கை பக்கவாட்டுல இழுக்கறது, சுருதி ஏறும். ஸ்ட்ரிங் 2ஐ டி ஷார்ப்ல இருந்து ஈ-க்கு, 1ஐ எஃப் ஷார்ப்ல இருந்து ஜி-க்கு, 4ஐ ஈ-ல இருந்து எஃப்புக்கு, இந்த மூணும் சாத்தியம், எல்லாம் வெறும் கம்பி. மேல இன்னொரு கம்பி சுத்தின தடி ஸ்ட்ரிங்ல சும்மா வலிதான் மிச்சம். முதல் மூணு நாலு ஃப்ரெட்ல பாருக்கும் நட்டுக்கும் நடுவுல இடமே இல்ல, விறைப்பா நிக்கும், 5க்கு மேல முயற்சி பண்ணுங்க. இறக்கணும்னா முன்னாடியே இழுத்து வச்சுட்டு அடிச்சு விடணும். பாரை நேரா வச்சுக்கிட்டு விரல் மட்டும் நகரணும், அதுதான் கஷ்டம், இழுக்கறப்ப பாரும் சேர்ந்து திரும்பிடும்.

ஒரே ஒரு லீவர்தான் போட முடியும்னா எதுக்கு போடறது?

ஈ-யை இறக்கறதுக்குத்தான்னு நிறைய பேர் சொல்வாங்க, நான் ஒத்துக்க மாட்டேன். டி ஷார்ப் ஸ்ட்ரிங் 2ல இருக்கு, எஃப் எங்கயுமே இல்ல, இல்லாததை வாங்கணுமா இருக்கறதையே இன்னொரு தடவை வாங்கணுமா? என் ஓட்டு ஈ-ல இருந்து எஃப், இடது முட்டியை இடது பக்கம் தள்ளற லீவர்ல. ஏன் இடதுன்னா, ஏ, பி ரெண்டும் மிதிச்சிருக்கற கால் ஏ-க்கு மட்டும் உருளறப்ப முட்டி தானா இடது பக்கம் சாயும், லீவர் அங்கேயே காத்துட்டு இருக்கும். அதையே வலது பக்கம் தள்ளற லீவர்ல மாட்டினா கால் ஒரு பக்கம், முட்டி ஒரு பக்கம்னு இழுபறி.

ரெண்டு லீவர்னா ஈ ஏத்தம், ஈ இறக்கம். மூணாவது 2, 9 இறக்கம். நாலாவதுதான் பி ஃப்ளாட்.

இன்னொரு வழியும் இருக்கு, ஒரே லீவர்ல 4ஐ எஃப்புக்கு ஏத்தறதையும் 8ஐ டி ஷார்ப்புக்கு இறக்கறதையும் சேர்த்து மாட்டறது. ஆல் புல் மெக்கானிசம்னா ஏத்தறதுக்கும் இறக்கறதுக்கும் தனித்தனி ஓட்டை இருக்கும், ராடை மாத்தி மாட்டினா போதும். 4, 8 சேர்த்து ஆக்டேவ் அடிக்கறது போயிடும், ஆனா கீழ டி ஷார்ப் இல்லாத குறை தீரும். எம்மன்ஸ் புஷ் புல் மாதிரி பழைய மெக்கானிசம்னா நீங்களா கை வைக்காதீங்க, தெரிஞ்சவங்ககிட்ட கொடுங்க.

லீவரே மாட்ட முடியாத கிட்டார். பெடலை மாத்தி அமைக்கலாமா?

மூணு பெடலை இடமிருந்து வலமா பி, ஏ, எஃப்னு வச்சுப் பாருங்க, சி பெடலை தூக்கிட்டு அந்த இடத்துல ஈ-யை எஃப்புக்கு ஏத்தற வேலை. பி-யும் ஏ-யும் பக்கத்துல பக்கத்துல, ஏ-யும் எஃப்பும் பக்கத்துல பக்கத்துல, அதனால ரெண்டு ஜோடியும் ஒரே காலுக்கு அகப்படும். ஸ்டீல் கலைஞர் ஜிம்மி டே பேர்ல சொல்ற சி, பி, ஏ வரிசையோட தூரத்து சொந்தம் இது. இழக்கறது பி, சி சேர்ந்த மைனர், அதை வேற ஃப்ரெட்ல ஏ பெடலால எடுத்துக்கலாம். ஏற்கனவே எம்மன்ஸ் வரிசையில பல வருஷம் வாசிச்ச கால்னா இதைத் தொடாதீங்க, பைத்தியம் பிடிச்சுடும்.

ஃப்ரெட் மாத்தி மாத்தி ஓடறப்ப பார் சத்தம் அசிங்கமா கேக்குது.

வால்யூம் பெடல். கிளம்பறப்ப லேசா குறைங்க, போய் சேர்ந்து அடிச்சப்புறம் ஏத்துங்க. முழுசா மூடினா தொடர்ச்சி அறுந்துடும்.

முட்டி வலியாலதான் லீவர் வேணாம்னு நினைக்கறேன்...

மொதல்ல கிட்டார் கால் உயரமும் உக்கார்ற சீட் உயரமும் சரி பண்ணுங்க, பாதி வலி அதுலதான். அப்புறம் லீவர் நகர்ற தூரத்தை குறைக்க முடியுமான்னு பாருங்க. வலது முட்டின்னா அந்தப் பக்கத்து லீவரை கழட்டி வச்சுடலாம், வால்யூம் பெடல் மேல இருக்கற காலு வேற, ரெண்டு வேலை அதுக்கு அதிகம்தான். வலி விடலன்னா டாக்டரைப் பாருங்க, அதுக்கு டியூனிங்ல மருந்து இல்ல.

அந்தக் காலத்துல லீவர் இல்லாமலா வாசிச்சாங்க?

1954ல கன்ட்ரி பாடகர் வெப் பியர்ஸோட பாட்டு ஒண்ணு ஹிட்டாச்சு, அதுல ஸ்டீல் வாசிச்ச பட் ஐசக்ஸ் நோட் ஒலிச்சுட்டு இருக்கறப்பவே பெடலை மிதிச்சு சுருதியை நகர்த்தினார், அதைக் கேட்டுட்டுத்தான் எல்லாரும் பெடலுக்கு ஓடினாங்க. 1957ல வந்த ஃபெண்டர் 400, 1000 ரெண்டு மாடல்லயும் கேபிள் இழுக்கற பெடல் மட்டும்தான், லீவர் கிடையாது. நாம மேல அவ்வளவு நேரம் பேசின ஸ்ட்ரிங் 1, 2 ரெண்டையும் ஈ9ல சேர்த்தது ஸ்டீல் கலைஞர் பட்டி எம்மன்ஸ், 1960களோட ஆரம்பத்துல.

சி6 நெக்குக்கும் (ரெண்டு நெக் கிட்டார்ல ஈ9 பக்கத்துல இருக்கற, சி6 டியூனிங் வச்ச நெக்) இதே பிரச்சினையா?

அவ்வளவு இல்ல. அங்க வேலை பெரும்பாலும் பெடல்லயே முடிஞ்சுடும், லீவர் ஒண்ணு ரெண்டு இருந்தா சௌகரியம், அவ்வளவுதான். ஆனா பெடல் எண்ணிக்கை அதிகமா வேணும், மூணு பெடல் கிட்டாரை சி6க்கு மாத்தி பயனில்ல.

ஸ்ட்ரிங் 2ஐ இவ்வளவு நம்பறோமே, அதை எப்படி டியூன் பண்றது?

5ஓட சேர்த்து அடிச்சு, அதிர்வு அடங்கற வரைக்கும் காதால. ட்யூனர் காட்டற நேர் கோட்டுக்கு 10, 15 சென்ட் (அரை ஸ்டெப்ல நூத்துல ஒரு பங்கு ஒரு சென்ட்) கீழ போய் நிக்கும், பயப்படாதீங்க, மேஜர் தேர்டு அப்படித்தான் இனிக்கும். 3, 6 ஜி ஷார்ப்பையும் இதே மாதிரி ஈ-யோட இனிமையா வச்சிருந்தா 2, 3, 5 மைனரும் தானா சேர்ந்துடும்.

பின்னாடி எப்பயாவது ஈ இறக்கற லீவர் வந்துச்சுன்னா அதுக்கும் அளவுகோல் இந்த ஸ்ட்ரிங்தான். லீவரைத் தள்ளிட்டு 4ஐயும் 2ஐயும் சேர்த்து அடிங்க, ரெண்டும் ஒரே நோட், வா-வா-வான்னு அதிர்ந்தா ஸ்ட்ரிங் 2ஐத் தொடாதீங்க, கிட்டார் ஓரத்துல அந்த லீவரோட நைலான் நட்டைத் திருப்பி 4ஐ சரி பண்ணுங்க.